அலெக்ஸாண்டிரியாவில் தூர் வாரியவர்கள்

மாசிலாமணி,

உன்னை எந்த ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று உன் அதிகாரிகள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். யுத்த காலத்தில் அது ரகசியம். ஆனால் ஆவடி டிப்போவில் லாரி கழுவுகிறவன் முதல் வாசலில் சுண்டல் விற்கிறவள் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எகிப்து தேசத்து அலெக்ஸாண்டிரியா என்று. நான் உன் ஊரைப் பற்றி எழுதவில்லை. உன் வயதில் நான் இருந்த ஊரைப் பற்றி எழுதுகிறேன். அதைத் தடுக்க எந்தச் சட்டத்துக்கும் அதிகாரம் கிடையாது. இருந்தாலும் தபாலில் போடாமல் உன் சிநேகிதன் பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரைப் பிரித்துப் படிக்கிற துரைக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க எனக்கு ஆசை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ லீவில் வந்திருந்தபோது நம் வீட்டில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். நீயும் நானும் பொன்னுரங்கமும் உட்கார்ந்தோம். இரண்டாவது உருண்டை உள்ளே போவதற்குள் அவன் ஆரம்பித்தான்.

"இன்னா மாமே, நீ எப்போ மிராசுதார் ஆன? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே."

"இன்னாடா ஒளர்ற?"

"நான் இன்னாத்துக்கு ஒளர்றேன். உம் புள்ள பட்டாளத்து ஃபாரத்துல எழுதிக் குட்த்துக்கீறான். தகப்பன் தொழிலு மிராசு. நெலம் எங்க கீதுன்னு எவனாவது கேட்டா கொரட்டூர் ஏரிக்கு உள்ள கீது, தண்ணி வத்தினா காட்டறேன்னு சொல்லிடு."

உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன். நீ தலையைக் குனிந்துகொண்டு முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தாய், முள்ளே இல்லாத மீனில். அப்போதுதான் அது தமாஷ் இல்லை என்று எனக்குப் புரிந்தது. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாய்.

"உண்மைய எழுதினா இன்னா குடுப்பான் நைனா? ஃபிட்டர் பரீட்ச பாஸ் பண்ணவன் கையில தொடப்பத்தக் குடுப்பான். எனக்கு முந்தி ஒருத்தன் யோக்கியனாட்டம் எழுதினான். இப்போ தண்ணி வண்டி தள்ளிகினு கீறான்."

நான் குழம்புச் சட்டியை உன் பக்கம் தள்ளிவிட்டு, "சோறு ஆறுது, துன்னு" என்றேன். ஒரு தகப்பன் சொல்லக்கூடிய மட்டமான பதில் அது. நீ சாப்பிட்டு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாய். அதன் பிறகு லீவு கிடையாது. என் பதிலைக் காகிதத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும். நீ என்ஜினைப் பிரித்துப் போடுகிறபோது ஒரு ஆணியைக்கூட அவசரமாகக் கழற்றுவதில்லை. அதே பொறுமையோடு இதைப் படி.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன்னை நினைத்து எனக்கு இருக்கிற பெருமை சாதாரணப் பெருமை இல்லை. கோயில் வாசலைத் தாண்ட நம்மை விடாத சாமியின் பெயரைத்தான் உனக்கு வைத்தேன். அந்தச் சாமியை நம்மால் பார்க்க முடியாது, அவன் பெயரையாவது தினம் நூறு தடவை வாய் நிறையக் கூப்பிடலாம், எவன் தடுப்பான் என்கிற கோபத்தில் வைத்த பெயர் அது. நீ அந்தப் பெயரைச் சாமியை விடவும் நன்றாக வைத்துக்கொண்டாய். லாரி பூந்தமல்லி ரஸ்தாவில் வரும்போதே சத்தத்தை வைத்து எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்கிறாய். காட்டுப்பாக்கத்துப் பக்கம் நின்றுபோன பட்டாள வண்டியை, வெள்ளைக்கார சார்ஜென்ட் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அரை மணியில் நீ கிளப்பிக் கொடுத்ததை இந்தச் சேரியில் இன்னும் பேசுகிறார்கள். மண்வெட்டிப் பிடி மட்டுமே தெரிந்த கைகளின் வரிசையில் ஸ்பேனர் பிடித்த முதல் கை உன்னுடையது. அந்தக் கையைக் கொண்டுபோய்த் துடைப்பத்தில் சொருகுகிற ஒரு சர்க்காரிடம் நீ பொய் சொன்னாய் என்பதற்காக உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் நமக்குச் சொன்ன பொய்க்கு முன்னால் உன் பொய் ஒரு கடுகு. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல நான் அலெக்ஸாண்டிரியாவில் ஆரம்பிக்க வேண்டும்.

நீ இறங்கப் போகிற கரையில் ஒரு காலத்தில் ஒன்றும் இல்லை. முன்னால் கடல், பின்னால் உப்பு ஏரி, நடுவில் ஒரு துண்டு மணல், அதில் கொஞ்சம் மீன்பிடிக் குடிசைகள். கிரேக்க தேசத்திலிருந்து படையோடு வந்த ஒரு வாலிப ராஜா அங்கே நின்று, இங்கே என் பெயரில் ஒரு நகரம் என்றானாம். கோடு போடச் சுண்ணாம்பு இல்லையாம். மாவைக் கொண்டுவந்து தெருக்களுக்கு எல்லாம் கோடு போட்டார்களாம். பறவைகள் வந்து மாவைத் தின்றதும் ராஜாவின் முகம் சுருங்கியதாம், ஜோசியக்காரன் அதை நல்ல சகுனம் என்று சொல்லிச் சமாளித்தானாம். இதை நான் கூலி வேலை பார்க்கிற ஒர்க்‌ஷாப் தொழிலாளர் வாசகசாலையில் ஒரு புத்தகத்தில் படித்தேன். எழுதியவர் பறவையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அந்த மாவை அரைத்தவள் யார், அவள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று ஒரு வரி இல்லை. சரித்திரம் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வியாதி உண்டு. நீயும் இதை ஒட்டிக்கொண்டால் சந்தோஷப்படுவேன்.

அப்புறம் அந்த ஊர் உலகத்தையே ஆண்ட ஊராக ஆனது. கடலுக்குள் ஒரு தீவில் வெள்ளைக் கல்லில் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். அத்தனை உயரத்தில் மனிதன் அதற்கு முன் விளக்கு ஏற்றியதில்லை என்கிறார்கள். உச்சியில் எரிந்த நெருப்புக்கு விறகு தினமும் மேலே ஏறியாக வேண்டும். விறகு தானாக ஏறாது. துறைமுகத்துக்கு வருகிற கப்பலில் புத்தகம் இருந்தால் பிடுங்கிக்கொண்டு போய், நகல் எழுதி, நகலைக் கொடுத்துவிட்டு அசலை வைத்துக்கொள்வார்களாம். அப்படிச் சேர்த்த புத்தகசாலைக்கு உலகத்துப் படிப்பாளிகள் எல்லாம் வந்தார்கள். இப்போது அந்தப் புத்தகசாலை இருந்த இடம்கூடத் தெரியவில்லை. கலங்கரை விளக்கத்தைப் பூகம்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டன. அதன் இடத்தில் ஒரு சுல்தான், விழுந்த கல்லை எடுத்தே கோட்டை கட்டினான். அந்தக் கோட்டை இருக்கிறது. கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிறபோது பார்.

கிரேக்கர்கள் போய் ரோமாபுரிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் போய் அரபியர் வந்தார்கள். துருக்கியர் வந்தார்கள். ஒவ்வொருவரும் அந்த ஊரை ஜெயித்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊர் செத்தது எந்தப் படையாலும் இல்லை. கடற்கரையில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. நைல் நதியிலிருந்து ஒரு கால்வாய் வெட்டித்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தக் கால்வாயைத் தூர் வாருவதை எப்போது நிறுத்தினார்களோ அப்போது வண்டல் ஏறியது, தண்ணீர் நின்றது, சனங்கள் போனார்கள். அரண்மனை இருந்த இடத்தில் ஆடு மேய்ந்தது. உலகத்தை ஆண்ட ஊர் மறுபடி மீன்பிடிக் குப்பமாகப் பல நூறு வருஷம் கிடந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் துருக்கி சுல்தானுக்குக் கீழே இருந்த ஒரு கவர்னர் அதைத் திரும்ப வெட்டினான். எப்படி வெட்டினான் என்பதைப் பின்னால் சொல்கிறேன். தண்ணீர் வந்ததும் பஞ்சு வந்தது, பஞ்சுக்குப் பின்னால் ஐரோப்பிய வியாபாரிகள் வந்தார்கள், மாளிகைகள் வந்தன. என் தகப்பன் காலத்தில் இங்கிலீஷ்காரன் கடலில் கப்பலை நிறுத்திக்கொண்டு அந்த ஊரைக் குண்டு போட்டுக் கொளுத்தினான். பிறகு அவனே இறங்கி வந்து ஒழுங்கு செய்கிறேன் என்று உட்கார்ந்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

நான் அங்கே போனது போன யுத்தத்தில். பம்பாயில் கப்பல் ஏறி, சூயஸில் இறங்கி, ரயிலில் போனோம். நான் என்னவாகப் போனேன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். துப்பாக்கி பிடிக்கப் போகவில்லை. பட்டாளத்துக்குப் பின்னால் மண் வெட்டவும் மண் சுமக்கவும் கூலிக்குப் போனேன். என்னோடு முத்தாபுதுப்பேட்டைக் கன்னியப்பன் வந்தான். எங்களுக்கு மேலே வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் இருந்தார், நல்ல நிலபுலன் உள்ள குடும்பம். கடல் தாண்டி வந்தும் எங்கள் பானையிலிருந்து தண்ணீர் குடிக்காதவர்.

ஒரு நாள் முகாமுக்குக் கழிவுநீர்க் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தோம். கன்னியப்பன் கடப்பாரையைப் போட்டான், கடப்பாரை உள்ளே போய்விட்டது. பின்னாலேயே அவன் ஒரு காலும் போய்விட்டது. இழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தால் கீழே இருட்டு. கல்லைப் போட்டால் வெகுநேரம் கழித்துச் சத்தம் வருகிறது. துரை ஓடி வந்தார். கயிறு கட்டி என்னை இறக்கினார்கள். ஹவில்தாரை இறக்கவில்லை. பாம்பு இருந்தால் யாரைக் கடிக்க வேண்டும் என்பதில் எல்லாப் பட்டாளத்துக்கும் ஒரே அபிப்பிராயம்தான்.

கையில் லாந்தரோடு இறங்கினேன். மாசிலாமணி, அதை நான் எப்படிச் சொல்வேன். கீழே ஒரு மண்டபம். தூணுக்கு மேல் தூண், அதற்கு மேல் வளைவு, அதற்கு மேல் மறுபடி தூண். ஒரு தூண் மாதிரி இன்னொன்று இல்லை. இடிந்துபோன கோயில்களிலிருந்து பிடுங்கி வந்து நட்டிருக்கிறார்கள். மேலேயிருந்து துரை, என்ன தெரிகிறது என்று கத்துகிறார். சர்ச்சா, கல்லறையா என்று ஹவில்தாரைக் கேட்கச் சொல்கிறார். நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். செங்கல் தூள் கலந்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, நம் ஏரி மதகில் இருக்கிற அதே சிவப்பு. எல்லாத் தூணிலும் ஒரே மட்டத்தில் வண்டல் கோடு. நான் இறங்கி வந்த குழியின் இரண்டு பக்கச் சுவரிலும் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னக் குழி வெட்டியிருக்கிறது. அதில் காலை வைத்துப் பார்த்தேன். பூட்ஸ் நுழையவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு வைத்தேன். விரலும் குதியும் கச்சிதமாக உட்கார்ந்தன. தலையில் கூடையோடு வெறுங்காலில் ஏறுகிறவனின் அளவு அது.

உன் தாத்தா கொரட்டூர் ஏரியின் மதகு திறக்கிறவர். ஏரி நிரம்பிய பிறகு அடியில் இருக்கிற அடைப்புக் கட்டையைத் தூக்க ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்க வேண்டும். அது நம் வீட்டுக்கு வந்த வேலை. மிராசுதாரர்கள் கரையில் ஒரு வேட்டியையும் வெற்றிலையையும் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார்கள். அவர் மூழ்கித் திறந்த தண்ணீரில் அவர்கள் வயல் விளையும். அதே ஏரியில் அவர்கள் துறையில் நம் பெண்கள் குடத்தை நனைத்தால் குடம் உடையும். கோடையில் ஏரி வற்றினால் நம் சேரி முழுக்கத் தூர் வார இறங்கும். மதகுக் கிணற்றுக்குள்ளும் இதே மாதிரிக் கால்குழிகள் உண்டு. வண்டல் கூடையோடு அதில் ஏறி இறங்கி வளர்ந்தவன் நான்.

மேலே வந்து சொன்னேன். "கோயிலும் இல்ல, கல்லறையும் இல்ல. இது தண்ணித் தொட்டி. வருசத்துக்கு ஒருக்கா வண்டல் வாரி எறங்கி ஏறினு இருந்துக்கீறாங்க."

ஹவில்தார் அதைத் துரைக்குச் சொல்வதற்கு முன்னால் சிரித்தார். "ஏரி தூர் வார்றவனுக்கு எங்க எறக்கி உட்டாலும் ஏரிதான்டா தெரியும்" என்றார்.

அப்போது எங்களோடு மண் சுமந்துகொண்டிருந்த அந்த ஊர்க்காரன் ஒருவன் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தான். பெயர் ஹசன். அவனுக்கு முகாமில் பொறுக்கிய இந்துஸ்தானி தெரியும். நான் சொன்னதைக் கன்னியப்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, துரையைப் பார்த்து, இவன் சொன்னது நிஜம், என் தாத்தா இந்த மாதிரித் தொட்டிகளைச் சுத்தம் செய்தவர் என்றான். நைலில் வெள்ளம் வருகிற மாதத்துக்கு முன்னால் ஊருக்கு அடியில் இருக்கிற தொட்டி எல்லாம் வாரிச் சுத்தம் செய்வார்களாம். வெள்ளம் வந்ததும் கால்வாய் வழியே நிரப்பினால் வருஷம் முழுக்க அந்தத் தண்ணீர்தான். ராஜா குடித்ததும் அதுதான், படிப்பாளி குடித்ததும் அதுதான். துரை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். என் பெயரும் ஹசன் பெயரும் அதில் ஏறியிருக்காது. போகட்டும். இரண்டாயிரம் வருஷத்துப் பெருமை கொண்ட ஒரு ஊரின் அடிவயிற்றில் நின்று, இது இன்னது என்று சொன்னவன் கொரட்டூர்ச் சேரிக்காரன். படித்த துரைக்குத் தெரியாதது என் கால் விரலுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நான் நிமிர்ந்தது போல என் வாழ்நாளில் அதற்கு முன் நிமிர்ந்ததில்லை.

அன்று முதல் ஹசனும் நானும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அவன் வட்ட ரொட்டியும் வேகவைத்து மசித்த மொச்சையும் கொண்டுவருவான். ஒரே கிண்ணத்தை நடுவில் வைத்து இரண்டு பேரும் தொட்டுத் தின்போம். என் ஜாதிக்காரன் அல்லாத ஒருவன் நான் கை வைத்த கிண்ணத்தில் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.  தின்றுகொண்டே, எனக்கும் புரிகிற அரைகுறை இந்துஸ்தானியில் அவன் கால்வாயின் கதையைச் சொன்னான். அந்தக் கவர்னர் கிராமம் கிராமமாக ஆட்களைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தானாம். மண்வெட்டிகூடக் கொடுக்கவில்லை, கையால் தோண்டினார்களாம். செத்தவர்களைக் கரையிலேயே போட்டு அதே மண்ணால் மூடினார்களாம். ஹசனின் தாத்தாவுக்குத் தகப்பன் அப்படிப் போனவர். "நாங்க கரையில நடக்க மாட்டோம். எங்க ஆளுங்க மேல கால் படும்" என்றான். அவனையும் எங்கள் முகாமுக்கு ஆசை காட்டிக் கூட்டி வரவில்லை. போலீஸ் வந்து வயலிலிருந்து பிடித்துக்கொண்டு வந்ததுதான்.

ஒரு பண்டிகை நாளில் அவன் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பெரிய தெருக்களின் மாளிகைகளைத் தாண்டி, கால்வாய்க்கு அருகே, நம் சேரி மாதிரியே இடுங்கிய சந்து. அவன் தகப்பனார் என்னை அணைத்துக்கொண்டார். பாயில் எல்லோரும் உட்கார்ந்தோம், நடுவில் ஒரே பெரிய தாம்பாளம். கிழவர் என்னிடம் கேட்டார், ஹசன் மாற்றிச் சொன்னான்: "இவன் சொன்னான், நீ கீழ எறங்கின ஒடனே அது தண்ணித் தொட்டின்னு கண்டுபுடிச்சியாமே. உங்க ஊர்ல நீ யாரு?"

மகனே, அந்தக் கேள்விக்குப் பதில் என் காலிலேயே இருந்தது. ஆனால் நான் அன்றைக்கு இஸ்திரி போட்ட காக்கி உடுத்தியிருந்தேன். யாரும் என்னை எட்டி நில் என்று சொல்லாத ஒரு ஊரில், என் பிறப்பு தெரியாத ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆசை வந்தது. வாய் கூசாமல் சொன்னேன், எங்களுக்கு நிலம் இருக்கிறது, ஏரி எங்களுடையது, ஆட்கள் தூர் வாருவார்கள், நான் கரையில் நின்று வேலை வாங்குவேன் என்று.

ஹசன் அதை உடனே மாற்றிச் சொல்லவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு சொன்னான். கிழவர் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. எழுந்தார். உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். ஒரு நாற்காலி வந்தது. என்னைப் பாயிலிருந்து எழுப்பி அதில் உட்கார வைத்தார்கள். எனக்கென்று ஒரு தனித் தட்டு வந்தது. அந்த வீட்டில் இருந்த ஒரே பீங்கான் தட்டு என்று நினைக்கிறேன். அவர்கள் கீழே ஒரே தாம்பாளத்தில் சாப்பிட்டார்கள். நான் மேலே தனியாகச் சாப்பிட்டேன். மரியாதைக்குக் குறைவில்லை. பேச்சுத்தான் நின்றுபோயிற்று.

பிறந்தது முதல் எனக்குத் தனிச் சிரட்டை, தனிக் குவளை. தொடாதே என்று தள்ளி வைத்த பாத்திரம் எல்லாம் எனக்குப் பழக்கம். என் வாழ்நாளில் ஒரே ஒரு வீடு எனக்குப் பொதுத் தட்டைக் கொடுத்தது. அங்கேயும் நான் தனித் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தங்கள் பாட்டனைக் கயிற்றில் கட்டி இழுத்தவனின் ஜாதி நான் என்று அவர்கள் நினைத்தார்கள். நான்தான் அப்படிச் சொன்னேன். திரும்பி வரும்போது ஹசன் எனக்கு ஒரு அடி பின்னால் நடந்தான். அதற்குப் பிறகு மொச்சைக் கிண்ணம் வரவில்லை. முகாம் இடம் மாற மூன்று நாள் இருந்தது. ஹசன், நான் சொன்னது பொய், நானும் உன்னை மாதிரிதான் என்று சொல்ல மூன்று நாள் போதும். மூன்று நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. கன்னியப்பன் மட்டும், "இன்னாடா, ஒன் கூட்டாளி உன்ன ஜமீன்தாராட்டம் பாக்கறான்?" என்று கேட்டான். அவனிடமும் சொல்லவில்லை.

இப்போது உன் ஃபாரத்துக்கு வருகிறேன். கப்பல் ஏறுமுன் வரிசையில் நிறுத்தி, பெயர், ஊர், தகப்பன் தொழில் வாசித்து, சரியா என்று கேட்பார்கள். எனக்கும் கேட்டார்கள். அங்கே நீ என்ன சொல்வது என்று நான் சொல்லித்தர மாட்டேன். உண்மையைச் சொன்னால் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நீ பயப்படுவது நியாயம். நம் ஆட்களின் வாயிலிருந்து பொய்யைப் பிடுங்குகிறவன் எவனோ அவன்தான் அந்தப் பொய்க்குப் பாவம் சுமக்க வேண்டும். சர்க்காருக்குச் சொன்ன பொய் காகிதத்தோடு நிற்கும். ஆனால் இந்தப் பொய்க்குக் கால் உண்டு. ஆபீசில் எழுதிக் கொடுத்ததை நாளைக்கு உன்னோடு படுக்கிறவனிடம் சொல்வாய். பிறகு உன்னோடு தின்கிறவனிடம். பிறகு அந்த ஊரில் உன்னைத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போகிறவனிடம். பிறகு கட்டிக்கொள்ளப் போகிறவளிடம். எங்கே நிறுத்துவது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

நீ மறைக்கிற விஷயம் அவமானமாக இருந்தால் நானும் மறை என்றே சொல்வேன். அந்த ஊர் ராஜாக்களைக் கடல் கொண்டுபோயிற்று. புத்தகம் போயிற்று, விளக்கு போயிற்று. தூர் வாரிய நாளெல்லாம் ஊர் இருந்தது, வாராத நாளெல்லாம் ஊர் இல்லை. இதற்கு மேல் ஒரு வம்சத்துக்கு என்ன பெருமை வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மிராசுதார் வீட்டுப் பிள்ளை ஃபிட்டரானால் அது ஒரு செய்தியே இல்லை. மதகு திறக்கிறவனின் பேரன் ஃபிட்டரானதுதான் செய்தி. அந்தச் செய்தியை நீயே அழித்துவிட்டுப் போகாதே.

இதை முந்தாநாள் எழுதி முடித்தேன். மடித்து வைத்த பிறகு எனக்கே ஒன்று உறைத்தது. ஒர்க்‌ஷாப்பில் இருபது வருஷமாக என்னை ஹவில்தார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சேர்ந்த புதிதில் குளிருக்குப் பழைய பட்டாளக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன், ஒருவன் ஹவில்தார் என்றான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். அந்தப் பெயரில்தான் வாசகசாலைக்குள் போனேன், எல்லோரும் குடிக்கிற பானையில் குடித்தேன். இப்படி இருந்துகொண்டு உனக்கு மட்டும் உபதேசம் எழுத வெட்கமாக இருந்தது. அதனால் நேற்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் வாசகசாலையில் எழுந்து நின்று, உன் ஃபாரத்தையும் நீ போகிற ஊரையும் பற்றிய வரிகளை மட்டும் விட்டுவிட்டு, நீ இதுவரை படித்ததை எல்லாம் உரக்கப் படித்தேன்.

முப்பது பேர் இருந்திருப்பார்கள். சேரிக்காரன் என்கிற இடத்தில் ஒருவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் இன்னும் இருவர். மற்றவர்கள் கேட்டார்கள். முடித்ததும், நான் சாமான் தூக்கிக் கொடுக்கிற லேத்தில் வேலை பார்க்கிற ஏகாம்பரம்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"இத்தினி நாளா ஹவில்தார் ஹவில்தார்னு சலாம் போட வெச்சிட்டியே. இனிமே உன்ன இன்னான்னுபா கூப்புடறது?"

"எங்கப்பன் வெச்ச பேரு ஒண்ணு கீது. அதச் சொல்லிக் கூப்புடு."

"அது சரி. போன சலாமெல்லாம் திருப்பிக் குடுப்பியா?" என்றான். அங்கங்கே சிரித்தார்கள். எல்லோரும் இல்லை. இன்று காலை என்னோடு பேசாதவர்கள் நாலு பேர், அதில் ஒருவன் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவன். அது வலிக்கிறது, வலிக்கவில்லை என்று உனக்கு எழுத மாட்டேன். ஆனால் இன்று ஏகாம்பரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள் என்று தோன்றியது.

உன் வரிசையில் உன் பெயரை வாசிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அதனால் என் முறையை முன்னாலேயே முடித்துவிட்டேன்.

உன் நைனா